டிவியைச் சுற்றி ஒரு சின்ன ஹால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன ஹாலுக்கு டிவி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை இஞ்ச் வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது "நீங்கள் எங்கே உட்காருவீர்கள்?" என்று. உட்காரும் இடம் முடிவானால் சுவர் முடிவாகும். சுவர் முடிவானால் உயரமும் அளவும் தாமாக வந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. டிவி பெட்டி வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் சோஃபாவை எங்கே தள்ளுவது என்ற யோசனையே ஆரம்பிக்கிறது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரு நாளில் டிவி ஓடும் நேரத்தைவிட அணைந்து கிடக்கும் நேரம்தான் அநேக வீடுகளில் அதிகம். அந்த நேரத்திலும் ஹால் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

எந்தச் சுவரில் டிவியை வைப்பது?

நடைபாதையை முதலில் பாருங்கள். வாசலில் இருந்து உள்ளறைகளுக்குப் போகும் வழி, சமையலறைக்குப் போகும் வழி, பால்கனிக்குப் போகும் வழி என்று ஒவ்வொன்றையும் நடந்தே பாருங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று சோஃபாவுக்கும் டிவிக்கும் நடுவே போகிறது என்றால், அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் "கொஞ்சம் நகரு, மறைக்கிறது" என்ற குரல் கேட்கும். நடப்பவர் பார்ப்பவரின் முதுகுப் பக்கமாகவோ ஓரமாகவோ போகும்படி அமைப்பது நல்லது. நடைபாதைக்கு இரண்டரை அடி அகலம் விட்டால் கையில் தட்டோடும் துணிக்கூடையோடும் இடிக்காமல் போகலாம்.

அடுத்தது ஜன்னல். ஜன்னல் டிவிக்கு எதிரே இருந்தால் திரையில் ஜன்னல்தான் தெரியும். டிவிக்குப் பின்னால் இருந்தால் வெளிவெளிச்சம் கண்ணில் நேராக அடிக்கும், கண் சுருங்கும், திரை மங்கலாகத் தோன்றும். ஜன்னல் பக்கவாட்டில், டிவிக்குச் செங்கோணத்தில் இருப்பதே நல்லது.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பகல் நேரத்தில், டிவி வரப்போகும் இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சோஃபாவில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடியில் எது தெரிகிறதோ அதுதான் நாளை திரையிலும் தெரியும். அவர் கண்ணாடியை மேலும் கீழும், இடமும் வலமும் மெல்ல நகர்த்தட்டும். ஓரிடத்தில் ஜன்னல் தெரியும், ஒரு முழம் தள்ளினால் மறைந்து வெறும் சுவர் தெரியும். அந்த ஒரு முழம் முக்கியம். இரவில் விளக்குகளைப் போட்டு இதையே இன்னொரு முறை செய்யுங்கள்.

பிளக் பாயிண்ட் கடைசியில்தான் வர வேண்டும். பிளக் பாயிண்ட் அந்தச் சுவரில் இருக்கிறது என்பதற்காக ஹாலையே திருப்பி வைத்த வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். எலக்ட்ரீஷியனுக்கு அது அரை நாள் வேலை. தப்பான சுவரைப் பார்த்துக்கொண்டு நீங்கள் இருக்கப்போவது பல வருடம்.

ஜன்னலுக்கு எதிரே இருக்கும் சுவர் ஒன்றுதான் காலியாக இருக்கிறது. வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. ஜன்னலுக்கு இரண்டு அடுக்குத் திரைச்சீலை போடுங்கள். பகலில் மெல்லியது, படம் பார்க்கும்போது கனமானது. திரையின் மேல் விளிம்பு கொஞ்சம் முன்னால் சாயும்படி மாட்டினால், அது ஜன்னலுக்குப் பதிலாகத் தரையைப் பிரதிபலிக்கும். டிவியைச் சுவரில் பிடித்து நிறுத்தும் சட்டமான வால் மவுண்ட் பலவற்றில் இந்தச் சாய்வு வசதி உண்டு. சில டிகிரி சாய்த்தாலே போதும். டிவி வாங்கும்போது பளபளப்பான திரையைத் தவிர்த்து, ஒளியைச் சிதறடிக்கும் மங்கல் பூச்சு உள்ளதைத் தேடுங்கள்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி வகைத் திரையை வாங்குவதாக இருந்தால் நேர்வெயில் திரையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலும் சூடும் அந்தத் திரைக்கு ஆகாது.

மூலையில் வைக்கலாமா? எங்கள் பழைய டிவி மூலையில்தான் இருந்தது.

பழைய டிவி மூலையில் இருந்ததற்குக் காரணம் அதன் முதுகு. படக்குழாய் டிவிகளுக்குப் பின்னால் கூம்பு போல ஒரு நீட்சி இருக்கும். அது மூலையின் முக்கோணத்துக்குள் கச்சிதமாகப் போய் உட்காரும். இடம் மிச்சமாகும். தட்டை டிவிக்கு அந்த முதுகே கிடையாது. அதை மூலையில் குறுக்காக வைத்தால் பின்னால் ஒரு முக்கோணம் வெறுமையாகக் கிடந்து தூசி சேரும். அதோடு திரை அறைக்குள் நீட்டிக்கொண்டு வரும். குழாய் போனாலும் பழக்கம் போகவில்லை.

இருந்தாலும் மூன்று சுவரிலும் கதவும் ஜன்னலுமாக இருக்கும் ஹாலில் மூலைதான் கதி. அப்போது மடங்கி நீளும் கை உள்ள வால் மவுண்டைப் பக்கச் சுவரில் மாட்டுங்கள். பார்க்கும்போது இழுத்துத் திருப்பிக்கொள்ளலாம், முடிந்ததும் சுவரோடு தள்ளிவிடலாம்.

சரி, எத்தனை இஞ்ச்?

கண்ணிலிருந்து திரை வரைக்கும் உள்ள தூரத்தை அளந்துவிட்டு வாருங்கள். சுவருக்குச் சுவர் அளந்து பயனில்லை. சோஃபாவில் உட்கார்ந்தால் தலை பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னால் இருக்கும். டிவி கேபினெட் மேல் இருந்தால் அந்தப் பக்கமும் ஓர் அடி போய்விடும். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில், பத்தடிப் போக்கில் பார்த்தால் கையில் நிற்பது ஏழரை, எட்டு அடிதான்.

திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்எம்பிடிஇ, திரை நம் பார்வையில் 30 டிகிரி அளவுக்காவது விரிய வேண்டும் என்கிறது. திரையரங்குகளுக்குத் தரச்சான்று தரும் டிஎச்எக்ஸ் நிறுவனம் திரையரங்கு உணர்வுக்கு 40 டிகிரி என்கிறது. இதை வீட்டுக் கணக்காக மாற்றினால், திரையின் குறுக்களவை (மூலைக்கு எதிர்மூலை அளவை, டிவியின் இஞ்ச் கணக்கும் இதுதான்) போல 1.2 மடங்கிலிருந்து 1.6 மடங்கு வரையான தூரம். 43 இஞ்ச் என்றால் நாலேகால் அடியிலிருந்து ஐந்தேமுக்கால் அடி. 50 இஞ்ச் என்றால் ஐந்து அடியிலிருந்து ஆறேமுக்கால் வரை. 55 என்றால் ஐந்தரையிலிருந்து ஏழேகால். 65 என்றால் ஆறரையிலிருந்து எட்டேமுக்கால்.

இது படம் பார்க்கும் கணக்கு. செய்தி, தொடர், பாட்டு என்று சமைத்துக்கொண்டே ஒரு கண் வைப்பவர்களுக்கு இதைவிடச் சிறிய திரையே தாராளம். சின்ன ஹாலில் நான் இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்ப்பேன். டிவியின் அகலம் அது இருக்கும் சுவரின் அகலத்தில் பாதியைத் தாண்டினால் அறை டிவி கடை போல ஆகிவிடும். 55 இஞ்ச் திரை நான்கு அடி அகலம், இரண்டேகால் அடி உயரம். 65 இஞ்ச் திரை நாலேமுக்கால் அடி அகலம். இதை எண்ணாகப் படித்தால் உறைக்காது. அடுத்த கேள்வியில் சொல்லும் அட்டை வித்தையைச் செய்து பாருங்கள்.

எவ்வளவு உயரத்தில் மாட்டுவது?

என் வீட்டில் முதல் தட்டை டிவியை மாட்ட வந்தவர் நின்றுகொண்டே அளவெடுத்தார். அவர் கண்ணுக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டார். நானும் பக்கத்தில் நின்றுகொண்டே "பிரமாதம்" என்றேன். அன்று இரவு சோஃபாவில் சாய்ந்து ஒரு முழுப் படம் பார்த்த பிறகுதான் கழுத்து பேசியது. நாலு துளை வீணாகி, இரண்டு அடி கீழே புதிதாக நாலு துளை போட்டோம். பழைய துளைகளை மறைக்க ஒரு படம் மாட்ட வேண்டியிருந்தது. அந்தப் படம் இன்றும் அங்கே இருப்பதற்கு அழகு காரணமில்லை.

உட்கார்ந்த நிலையில் கண் எங்கே இருக்கிறதோ, திரையின் நடுப்பகுதி அங்கேயோ அதற்குச் சற்றுக் கீழேயோ வர வேண்டும். சோஃபாவில் உட்காருபவருக்குக் கண் தரையிலிருந்து சுமார் 40 இஞ்ச் உயரத்தில் இருக்கும். தரையில் உட்காருபவருக்குச் சுமார் 30 இஞ்ச். வீட்டில் இரண்டு வகையினரும் உண்டு என்றால் தாழ்வாகவே மாட்டுங்கள். கொஞ்சம் குனிந்து பார்ப்பது எளிது, அண்ணாந்து பார்ப்பதுதான் வலி.

அட்டை வித்தை இதுதான். டிவியின் அகலத்துக்கும் உயரத்துக்கும் சரியாகப் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டுங்கள். அட்டை இல்லாவிட்டால் செய்தித்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டினாலும் போதும். கறுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. நடுவில் பெரிதாக ஒரு புள்ளி வையுங்கள். மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டிவிட்டு இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் பார்க்கும்போது ஒரு மாதிரி இருக்கும், இரவில் வேறு மாதிரி இருக்கும். வந்து போகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இரண்டாம் நாள் மாலைக்குள் அட்டையை நீங்களே நாலு இஞ்ச் கீழே இறக்கியிருப்பீர்கள். அளவு பெரிதென்றாலும் அட்டையே சொல்லிவிடும்.

சுவரில் மாட்டுவதா, ஸ்டாண்டில் வைப்பதா?

ஹாலின் அகலம் பத்தடிக்குள் என்றால் சுவரில் மாட்டுவதால் ஓர் அடி மிச்சமாகும். சின்ன ஹாலில் ஓர் அடி என்பது ஒரு நடைபாதையின் பாதி. ஆனால் டிவிக்குக் கீழே எப்படியும் கேபினெட் போடப்போகிறீர்கள் என்றால் அந்த மிச்சம் கிடையாது. அப்போது கேபினெட் மேலேயே வைத்துவிடலாம்.

மாட்டுவதென்றால் சுவர் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். விரலால் தட்டிப் பாருங்கள். செங்கல், கான்கிரீட் சுவர் 'டக்' என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். உள்ளீடற்ற பிளாக்கும் ஜிப்சம் பலகையும் பறை போல ஒலிக்கும். முதல் வகைக்கு ராவல் பிளக்கும் (துளைக்குள் செருகித் திருகாணியை இறுக்கிப் பிடிக்கும் சிறு குழல்) தகுந்த திருகாணியும் போதும். ஆனால் பூச்சில் மட்டும் பிடிக்காமல் செங்கல் வரைக்கும் துளை போக வேண்டும். உள்ளீடற்ற பிளாக்குக்கு அதற்கென்றே செய்த தனி ஆங்கர்கள் உண்டு. ஜிப்சம் பலகை என்றால் பின்னால் உள்ள சட்டத்தில்தான் திருகு இறங்க வேண்டும், வெறும் பலகையை நம்பாதீர்கள். மடங்கி நீளும் மவுண்ட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கையை நீட்டும்போது சுவர் தாங்க வேண்டிய இழுப்பு பல மடங்காகும்.

டிவியின் முதுகில் நான்கு துளைகள் இருக்கும். அவற்றின் இடைவெளி 'வெசா' என்ற பொது அளவில், 200க்கு 200, 400க்கு 300 என மில்லிமீட்டரில் சொல்லப்படும். மவுண்ட் வாங்கும்போது அந்த எண்ணும் டிவியின் எடையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த நான்கு துளைகளின் மையமும் திரையின் மையமும் எல்லா டிவியிலும் ஒன்றாக இருப்பதில்லை. சிலவற்றில் துளைகள் கீழே தள்ளி இருக்கும். மவுண்டைச் சரியான உயரத்தில் மாட்டிவிட்டு, டிவியை ஏற்றினால் நாலு இஞ்ச் மேலே போய் நிற்கும். டிவியைப் படுக்கையில் குப்புறப் படுக்க வைத்து, மெத்தென்ற துணி விரித்துத்தான், துளையிலிருந்து மேல் விளிம்பு வரை அளந்துகொண்டு பிறகு சுவரில் குறியிடுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் இரண்டாவது துளையைப் போட விடாதீர்கள்.

வாடகை வீடு. ஆணியே அடிக்கக் கூடாது என்கிறார்கள்.

தரையில் நிற்கும் தூண் வகை ஸ்டாண்ட் கிடைக்கிறது. உயரம் மாற்றலாம், ஒயரைத் தூணுக்குள்ளேயே விட்டுவிடலாம். அடிப்பலகை கனமாகவும் அகலமாகவும் இருப்பதை வாங்குங்கள். மூன்று கால் ஓவியச் சட்டம் போன்ற ஸ்டாண்ட் படத்தில் அழகாக இருக்கும். சின்ன ஹாலில் அதன் கால் எல்லோருடைய காலிலும் இடறும்.

கேபினெட் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்?

டிவியைவிட அகலமாக, இருபுறமும் ஒரு சாணாவது கூடுதலாக இருக்கட்டும். டிவியைவிடக் குறுகலான கேபினெட் வைத்தால், ஒல்லியான ஆள் பெரிய மூட்டையைத் தலையில் சுமந்து நிற்பது போல இருக்கும். தாழ்வாகவும் நீளமாகவும் உள்ள கேபினெட் அறையை அகலமாகக் காட்டும். சுவரிலேயே மாட்டித் தரையைத் தொடாமல் நிற்கும் வகையில் கீழே தரை தெரியும். தரை தெரியத் தெரிய அறை பெரிதாகத் தோன்றும், பெருக்கவும் வசதி. ஆழம் 14 இஞ்சுக்கு மேல் வேண்டியதில்லை. ஆனால் டிவியைக் காலோடு அதன் மேல் வைப்பதாக இருந்தால் அந்தக் கால்களின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள்.

கூரை வரைக்கும் அலமாரி அடைத்து, நடுவே டிவிக்கு மட்டும் குழி விடும் பாணி எனக்கு உவப்பில்லை. அந்தக் குழி இன்றைய டிவியின் அளவுக்குச் செய்யப்படுகிறது. அடுத்த டிவி அதில் நுழையாது, அல்லது சுற்றிலும் கை அகல இடைவெளி விட்டு அனாதையாக நிற்கும்.

சோஃபாவைச் சுவரோடு ஒட்டிப் போடுவதா?

சின்ன ஹாலில் பெரும்பாலும் ஆம். ஆனால் முழுக்க ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். சுவரில் எண்ணெய்க் கறை படியாது, திரைச்சீலையும் மாட்டிக்கொள்ளாது.

எல்லா இருக்கைகளையும் டிவியைப் பார்த்து வரிசையாகப் போடுவதைத்தான் தவிர்க்கச் சொல்வேன். பஸ்ஸில் உட்கார்ந்தது போல ஆகிவிடும், வந்தவர் முகத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். ஒரு சோஃபா டிவியைப் பார்க்கட்டும். ஒரு நாற்காலி அதற்குச் செங்கோணத்தில் 'ட' வடிவில் நிற்கட்டும். அந்த நாற்காலி சுழலும் வகையாக இருந்தால் இரண்டு வேலைக்கும் ஆகும். ஓரத்து நாற்காலியிலிருந்து பார்க்கும்போது சில திரைகளில் நிறம் வெளுத்துப் போகும். எல்இடி டிவிகளின் திரையில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை உண்டு. விஏ வகைக்கு இந்தக் குறை அதிகம், ஐபிஎஸ் வகைக்குக் குறைவு, ஓஎல்இடிக்கு மிகக் குறைவு. கடையில் பார்க்கும்போது நேராக மட்டும் நிற்காமல் ஓரத்துக்குப் போயும் பாருங்கள்.

டீப்பாய் வைப்பதென்றால் சோஃபாவிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். கை எட்டும், காலும் இடிக்காது. அந்த இடம் இல்லாவிட்டால் டீப்பாயே வேண்டாம். சோஃபாவின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டூல் போதும். தரைவிரிப்பு போட்டால் சோஃபாவின் முன்கால்கள் அதன் மேல் ஏறி நிற்கும் அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள். நடுவில் தீவு போலக் கிடக்கும் சின்ன விரிப்பு அறையை இன்னும் சிறிதாக்கும்.

ஒயர்களை என்ன செய்வது?

ஹாலுக்குச் செலவிடும் உழைப்பில் பாதியை இதற்குத் தாருங்கள் என்பேன். எவ்வளவு அழகான சுவராக இருந்தாலும் டிவியின் அடியிலிருந்து நாலு கறுப்பு ஒயர் கொடி போலத் தொங்கினால் கண் அங்கேதான் போகும்.

வீடு கட்டும்போதோ புதுப்பிக்கும்போதோ செய்வதாக இருந்தால், டிவிக்குப் பின்னாலிருந்து கேபினெட்டின் உட்புறம் வரை சுவருக்குள் ஒரு பிவிசி குழாய் பதித்துவிடுங்கள். கை கட்டைவிரலைவிடப் பெரிய குழாய் வேண்டும். படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுவரும் ஹெச்டிஎம்ஐ ஒயரின் முனை நினைப்பதைவிடப் பெரிது. குழாய் திடீரென்று ஒடித்தது போல இல்லாமல் நீளமாக வளையட்டும். உள்ளே ஒரு நூல் கயிற்றை விட்டு இரு முனையையும் வெளியே கட்டி வைத்தால் நாளை புது ஒயரை இழுக்க உதவும். மின்சார ஒயரை அதே குழாயில் விடாதீர்கள். அதற்குத் தனிக் குழாயும், டிவிக்குப் பின்னாலேயே தனி பிளக் பாயிண்டும் வேண்டும். அந்தப் பாயிண்ட் மவுண்டுக்கு நேர் பின்னால் வராமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கட்டும். நேராக இருந்தால் பிளக்கைச் செருக இடமிருக்காது.

கட்டிய வீடு என்றால் ஒயரை உள்ளே விட்டு மூடும் கேசிங் பட்டையைச் சுவரில் ஒட்டி, சுவரின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்துவிடுங்கள். டிவியின் நடுவிலிருந்து நேராகக் கீழே கொண்டு வராமல், டிவியின் ஓரத்தை ஒட்டி இறக்கி, அந்த ஓரத்தில் உயரமாக எதையாவது நிறுத்தினால் பட்டை மறைந்துவிடும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கேபினெட்டின் பின்பலகையில் திருகி மாட்டினால் தரையில் பாம்புக் கூட்டம் இருக்காது. ஒவ்வொரு பிளக்கிலும் எதன் பிளக் என்று எழுதிய சிறு தாளை ஒட்டுங்கள். இருட்டில் மோடத்தைப் பிடுங்குவதாக நினைத்து வேறெதையோ பிடுங்கியவன் சொல்கிறேன்.

செட்டாப் பாக்ஸை மூடிய கதவுக்குள் வைத்தால் ரிமோட் வேலை செய்யுமா என்று கேட்பார்கள். அகச்சிவப்புக் கதிர் ரிமோட் மரத்தை ஊடுருவாது. கண்ணாடிக் கதவு, பிரம்புப் பின்னல், மெல்லிய துணிவலை இவற்றில் பெரும்பாலும் வேலை செய்யும். புளூடூத் ரிமோட்டுக்கு மரக்கதவு தடையில்லை. எதுவானாலும் உள்ளே காற்று போக வழி வேண்டும். ஒரு பெட்டியின் மேல் இன்னொரு பெட்டியை அடுக்காதீர்கள். வைஃபை ரூட்டரை டிவிக்குப் பின்னால் ஒளிப்பவர்கள் பலர். டிவியின் முதுகில் உள்ள உலோகத் தகடு சிக்னலை மறைக்கும். அப்புறம் படுக்கையறையில் இணையம் வரவில்லை என்று புலம்புவார்கள்.

அணைத்துவிட்டால் டிவி பெரிய கறுப்பு ஓட்டை போலத் தெரிகிறது. எப்படி அலங்கரிப்பது?

கறுப்பைத் தனியாக விட்டால்தான் அது ஓட்டை. வெள்ளைச் சுவரில் தனியாகத் தொங்கும் கறுப்புச் செவ்வகம் கண்ணைக் குத்தும். அதே டிவி அடர்சாம்பல், அடர்பச்சை, கருநீலம் என்று ஏதாவது ஓர் அழுத்தமான நிறச் சுவரில் இருந்தால் பாதி கரைந்துவிடும். டிவி இருக்கும் சுவருக்கு மட்டும் அந்த நிறத்தைக் கொடுங்கள், மற்ற மூன்றும் வெளிராகவே இருக்கட்டும். அறை சிறுத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் கட்டாயம். மின்னும் பெயிண்டும் சலவைக்கல் பலகையும் திரையின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.

பெயிண்ட் அடிக்க முடியாதவர்கள் கறுப்புக்குத் துணை சேர்க்கலாம். டிவிக்கு ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு மூன்று படங்கள் மாட்டுங்கள். அவற்றில் ஒன்றிரண்டின் சட்டம் கறுப்பாக இருக்கட்டும். எதிர்ப்பக்கம் உயரமான ஒரு விளக்கோ புத்தக அடுக்கோ இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பொருளை வைத்தால் டிவி நடுவில் கொலு வீற்றிருக்கும், கண்ணும் அதற்கே போகும். சமமில்லாமல் வைத்தால் அதுவும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகிவிடும். படத்துக்கும் திரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி போதும். பக்கத்துப் படங்களுக்குக் கண்ணாடி போடாதீர்கள், இரவில் அதிலும் ஒரு குட்டி டிவி ஓடும்.

பொருள்களைக் குறைவாகவும் பெரிதாகவும் வையுங்கள். பன்னிரண்டு சின்ன பொம்மைகளைவிட ஒரு பெரிய மண்சாடி அறையை அமைதியாகக் காட்டும். ஓடும் திரைக்குக் கீழே பளபளக்கும் சிறு பொருள்கள் வரிசையாக இருந்தால் கண் அங்குமிங்கும் அலையும்.

அணைந்திருக்கும்போது ஓவியம் காட்டும் டிவிகளும் உண்டு. சாம்சங் 2017-இல் 'தி ஃபிரேம்' என்ற பெயரில் கொண்டுவந்த பிறகு இந்த வகை பரவியது. அழகுதான். ஆனால் ஓவியம் காட்டும் நேரமெல்லாம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்.

கதவு, திரைச்சீலை போட்டு டிவியை மறைத்துவிட்டால்?

ஒரே கையால், ஒரே தள்ளலில் திறக்க முடிந்தால் செய்யுங்கள். பக்கவாட்டில் நகரும் பலகை அந்த வகை. கீல் வைத்த இரட்டைக் கதவு மூன்றாவது வாரத்திலிருந்து திறந்தேதான் கிடக்கும்.

டிவி பார்க்கும்போது விளக்கை அணைக்க வேண்டுமா?

முழு இருட்டில் ஒளிரும் திரையைப் பார்த்தால் கண் சீக்கிரம் களைக்கும். திரைக்குப் பின்னால் சுவரில் பட்டுத் தெறிக்கும் மெல்லிய ஒளி இருந்தால் கண்ணுக்கு இதம், கறுப்பும் ஆழமாகத் தெரியும். டிவியின் முதுகில் ஒட்டும் எல்இடி பட்டையே போதும். அதன் நிறம் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, விளக்கின் பெட்டியில் இருக்கும்) வெள்ளையாக இருக்கட்டும், திரையின் வெள்ளையும் அந்த அளவுக்குத்தான் திட்டமிடப்படுகிறது. நிறம் மாறி மாறி மின்னும் பட்டையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். படத்தின் நிறத்தையும் அது கெடுக்கும்.

மற்றபடி கூரை நடுவே ஒரே ஒரு பளீர் விளக்கை நம்பியிருக்கும் ஹாலில் எதை வைத்தாலும் எடுபடாது. சோஃபா ஓரத்தில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்று என 2700 கெல்வின் மஞ்சள் ஒளி விளக்குகளைத் தாழ்வாக வையுங்கள். அவை திரையில் தெரிகின்றனவா என்பதற்கு மீண்டும் கண்ணாடிச் சோதனைதான்.

பேசுவது தெளிவாகக் கேட்கவில்லை. சவுண்ட்பார் வாங்க வேண்டுமா?

முதலில் ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் 'ங்ங்' என்று ஒலி நீண்டால் குறை டிவியில் மட்டும் இல்லை. வெறும் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் எல்லாம் சேர்ந்து ஒலியைப் பந்தாடுகின்றன. தரைவிரிப்பு, கனத்த திரைச்சீலை, நிறைந்த புத்தக அலமாரி மூன்றும் செலவில்லாத மருத்துவர்கள். தட்டை டிவிகளின் ஒலிபெருக்கி பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால், அலமாரிக் குழிக்குள் வைத்த டிவி குடத்துக்குள் பேசுவது போல ஒலிக்கும்.

அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் சவுண்ட்பார், அதாவது டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஒலிபெருக்கி, வாங்குங்கள். கேபினெட் தட்டின் முன்விளிம்போடு விளிம்பாக வையுங்கள், உள்ளே தள்ளி வைக்காதீர்கள். டிவியின் கீழ்விளிம்பில் உள்ள ரிமோட் கண்ணை அது மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

டிவி பக்கத்தில் செடி, மீன்தொட்டி வைக்கலாமா?

செடி வைக்கலாம், தரையில் தனியாக. கேபினெட் மேல் வைத்தால் என்றாவது ஒரு நாள் தண்ணீர் வழிந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் போகும். மீன்தொட்டி வேண்டாம்.

சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஸ்டாண்டில் வைத்த டிவியை முதுகிலிருந்து சுவருக்கு வார்ப்பட்டையால் கட்டுங்கள். அதற்கென்றே கவிழாமல் தடுக்கும் பட்டை கிடைக்கிறது. கேபினெட்டையும் சுவரோடு திருகுங்கள், இழுப்பறையைத் திறந்து படியாக்கி ஏறுவது குழந்தைகளுக்குக் கைவந்த கலை. ரிமோட்டையும் பொம்மையையும் கேபினெட் மேல் வைக்காதீர்கள். எட்டாத இடத்தில் பிடித்த பொருள் இருந்தால்தான் ஏறத் தோன்றும்.

பெரிய கண்ணாடி மாட்டினால் ஹால் பெரிதாகத் தெரியுமா?

தெரியும், ஆனால் டிவிக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள். டிவிக்குப் பக்கவாட்டில் இருக்கும் சுவரில் மாட்டுங்கள்.

திரையை எதனால் துடைப்பது?

அணைத்து, ஆறவிட்டு, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். விரல் தடம் போகவில்லை என்றால் துணியை லேசாகத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம். திரை மேல் நேராக எதையும் தெளிக்க வேண்டாம், கீழ்விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். ஜன்னல் துடைக்கும் அம்மோனியா கலந்த திரவம் மேல்பூச்சை அரித்துவிடும். டிவியின் பின்பக்கக் காற்றுத் துளைகளில் சேரும் தூசியை மாதம் ஒரு முறை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். சுவரோடு ஒட்டி மாட்டிய டிவி என்றால் நீளக் கைப்பிடி பிரஷ் வேண்டியிருக்கும்.